கருநாக்கு மாமன்

எரிந்த தீயைப் பற்றி ஊரே பேசும். எரியவிடாமல் தடுத்த தீயைப் பற்றி எவனும் பேச மாட்டான். தடுத்தவனுக்குத் திமிர் பிடித்தவன் என்ற பெயர்தான் மிஞ்சும். எனக்கு அந்தப் பெயர் சிதம்பரத்தில் கிடைத்தது, 2011 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில். அதைவிட மோசமான இன்னொரு பெயர் அடுத்த சில நாளிலேயே கடலூர் முதுநகரை ஒட்டிய எங்கள் குப்பத்தில் கிடைத்தது. அது இன்று வரைக்கும் போகவில்லை.

சென்னையில் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. தேர்தல் வந்தால் தலைவர்கள் ஊர் ஊராகப் பறப்பார்கள். அவர்கள் இறங்கும் மைதானத்துக்கு நாங்கள் முந்தின நாளே லாரியில் எரிபொருள் பேரல்களை ஏற்றிக்கொண்டு போய்க் காத்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர் வந்ததும் பம்பு வைத்து நிரப்பி அனுப்ப வேண்டும். எங்கள் குப்பத்தில் இதை, "மணிவண்ணன் ஏரோப்ளேனுக்கு பெட்ரோல் போடுறான்" என்பார்கள். அது பெட்ரோல் இல்லை. பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும், முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாசனை வரும். அந்த வாசனைதான் எனக்கு எதிரி.

ஏனென்றால் எங்கள் ஆட்கள் மண்ணெண்ணெயோடு குடும்பம் நடத்துகிறவர்கள். ஃபைபர் படகு எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. நடுக்கடலில் கேன் மேல் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள், துண்டு பீடியை அந்த எண்ணெயிலேயே போட்டு அணைத்தும் காட்டுவார்கள். கடற்காற்றில், குளிர்ந்த எண்ணெயில் அது அணைந்தும் தொலையும். அதைப் பார்த்து வளர்ந்தவனிடம் போய், எண்ணெய் எரிவதில்லை, சூடேறினால் அதிலிருந்து கிளம்புகிற ஆவிதான் எரிகிறது, நிறைந்த பேரலைவிட வெயிலில் கிடக்கும் காலி பேரல்தான் ஆபத்து என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பான்.

சிதம்பரம் வேலையை நானே கேட்டு வாங்கினேன். முடித்த கையோடு அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்ற ஆசை. எங்கள் அம்மா அப்பா இருவரையும் சுனாமி கொண்டு போன பிறகு, எனக்கு வீடு என்று இருப்பது சௌந்தரம் அக்காவின் வீடு ஒன்றுதான். என்னை ஐடிஐ படிக்க வைத்தவர் அக்காவின் புருஷன் சடையப்பன் மாமா. அடுத்த வாரம் அவர்கள் மகள் பூஜாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நான் ஒருவன்தான் தாய்மாமன். தோடு, பட்டுப்பாவாடை, தட்டு வரிசை எல்லாம் ஒரு மாதமாக யோசித்து யோசித்து வாங்கி வைத்திருந்தேன்.

மைதானத்தில் காலையிலிருந்தே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. பேரல்களுக்கு நிழல் வேண்டும் என்று கேட்டு வாங்கிய சாமியானாவைக் கட்சிக்காரர்கள் பிடுங்கிப் பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுவிட்டார்கள். 'புகை பிடிக்காதீர்' பலகையின் மேல் ஒருவன் கொடியைக் கட்டிவிட்டுப் போனான். கொடியை அவிழ்த்தேன், சண்டைக்கு வந்தான். சரவெடியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு கூட்டத்தை விரட்டினேன். பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையாவே சிகரெட்டோடு வந்து, "எவ்ளோ தம்பி மைலேஜ் குடுக்கும்?" என்று கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டு அவரை அப்பால் அனுப்பினேன். சித்திரை வெயில் வருவதற்கு முன்பே பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. பேரலைத் தொட்டால் கை பொத்துப் போகும்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். பைக்கில், முதுநகரிலிருந்து, கையில் தூக்குவாளியோடு.

"இன்னாடா மச்சான், கருவாடு மாதிரி காஞ்சி கெடக்குற? ஒங்கக்கா வஞ்சிரக் கொழம்பு குடுத்தனுப்பிச்சா. சூடு ஆறதுக்குள்ள துன்னு" என்றபடி நேராக வந்து, முந்தின ஊரில் தீர்ந்து, மூடி கழற்றிக் கிடந்த காலி பேரல் ஒன்றில் துண்டைப் போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, அங்க வேணாம். அந்தாண்ட மரத்தடியில உக்காருங்க, நான் வரேன்."

"ஏன், காலி பேரலுதான?"

"காலிதான் மாமா ஜாஸ்தி டேஞ்சரு."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "டேய், உள்ள ஏதாச்சும் இருந்தா டேஞ்சருன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். ஒண்ணுமே இல்லாத பேரலு எப்புட்றா டேஞ்சரு? கம்பெனிக்காரன் ஒனக்கு நல்லா கதை வுட்டிருக்கான்."

வேறு யாராக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். இவர் அக்கா புருஷன். கல்யாணத்தன்று இவர் காலைக் கழுவி, மோதிரம் போட்டு, மணவறைக்குக் கூட்டி வந்தவன் நான். அக்கா புருஷனை நாலு பேர் முன்னால் 'எழுந்திரு' என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அதனால் கெஞ்சினேன். "மாமா, வாங்க மாமா, கொழம்பு ஊத்துங்க மாமா" என்று குழைந்தேன். எனக்கே என்னைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

அவர் நிதானமாக மடியிலிருந்து பீடியை எடுத்து வாயில் வைத்தார். தீப்பெட்டியை எடுத்தார்.

"மாமா, வேணாம்!"

"கடல்ல மண்ணெண்ண கேனு மேல குந்திக்கினு பீடி புடிக்கிறவன்டா நானு" என்று குச்சியை எடுத்துப் பெட்டியில் உரசப் போனார்.

அடித்தேன். தீப்பெட்டி பறந்தது. வாயிலிருந்த பீடியையும் பிடுங்கி எறிந்தேன். பிடுங்கும்போது என் விரல் அவர் மீசையில் பட்டது. அதோடு விட்டிருக்கலாம். காலையிலிருந்து அத்தனை பேர் மேலும் இருந்த ஆத்திரம் மொத்தமும் அவர் ஒருவர் தலையில் இறங்கியது.

"பத்திக்கிச்சின்னா ஒன்ன கரிக்கட்டையாத்தான் எங்கக்காகிட்ட அனுப்பணும்! எழுந்து போய்யா!"

கட்சிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பைக் மைதானத்தைத் தாண்டிப் போன பிறகும் தூக்குவாளி அங்கேயே இருந்தது.

ஹெலிகாப்டர் வந்தது. புழுதி கிளப்பியது. தலைவர் இறங்கிக் கையசைத்தார், பேசினார், ஏறினார், போனார். ஒன்றும் பற்றவில்லை, ஒன்றும் வெடிக்கவில்லை. கொடி கட்டியவன் என்னிடம் வந்து, "பாத்தியா, ஒண்ணும் ஆவல. காலைல புடிச்சி சும்மா கத்திக்கினு கெடந்தியே" என்றான். ஒன்றும் ஆகாததற்குத்தான்டா நான் கத்தினேன் என்று அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது? குழம்பைத் திறந்தேன். ஆறிப் போயிருந்தது. அழுகையாக வந்தது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"எம்புருசன கரிக்கட்டையா ஆவச் சொன்னியா?"

"ஆவச் சொல்லலக்கா. ஆயிடுவாருன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதாண்டா! தாலி கட்டுனவர, நல்ல காரியம் வெச்சிருக்கற நேரத்துல, வாயில நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு? நீ வராத. பெரியப்பா மவன் ராஜாமணி மடியில வெச்சிக் குத்திக்கிறோம்."

போனை வைத்துவிட்டாள். ராஜாமணி! பூஜாவுக்குப் பிடித்த மிட்டாய் எது என்றுகூடத் தெரியாதவன். உயிர் போகும் என்று எச்சரித்தால், உயிர் போகட்டும் என்று சாபம் விட்டதாகக் கணக்கு. இந்த ஊரில் தீயை அணைக்கிறவன் முதலில் தன் வாயை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தேர்தல் முடிந்து, சித்திரை பிறந்து, காதுகுத்து நாள் வந்தது. 'வராத' என்றால் நின்றுவிடுகிறவனா நான்? தட்டு வரிசையைத் தூக்கிக்கொண்டு முதுநகர் பஸ் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். வாசலில் பந்தல். ஒலிபெருக்கி அலறியது. பந்தலுக்கு அப்பால், வீட்டுக்கும் மணல் மேட்டுக்கும் நடுவில், சமையல்காரர் சபாபதி அண்டா வைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். உள்ளே ராஜாமணி புதுச் சட்டை போட்டுக்கொண்டு மனைப்பலகையில் உட்காரத் தயாராக இருந்தான்.

பூஜாதான் என்னைக் கண்டுபிடித்தாள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையோடு, "மாமா வந்துடுச்சி!" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு யார் மடியில் வைத்தாலும் கத்தி ஊரைக் கூட்டினாள். ராஜாமணியின் புதுச் சட்டையைக் கடித்தே விட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. காது குத்த வந்த பத்தர், "யார் மடின்னு முடிவு பண்ணுங்கம்மா, நல்ல நேரம் தாண்டுது" என்று அவசரப்படுத்தினார்.

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா வேறு பக்கம் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, பூஜாவின் மொட்டைத் தலையில் வைத்தாள்.

"சத்தியம் பண்ணு. இங்கேருந்து போற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. ஒரு வார்த்த வரக் கூடாது. பேசுனா, அது எம்புள்ளைக்குத்தான்."

"அக்கா..."

"தோ, பேசுற பாரு!"

சத்தியம் செய்தேன். உள்ளங்கையில் சந்தனம் ஒட்டியது. கூட்டத்தில் யாரோ, "ஊமை மாமன் வந்துட்டாரு, வழி வுடுங்க" என்று கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டார்கள். போகட்டும். நான் பூஜாவை மடியில் வைத்து உட்கார்ந்தேன். அந்தக் கனம் மடியில் இறங்கியதும் என் கோபம் பாதி வடிந்துவிட்டது. பத்தர் வலது காதில் மைப்புள்ளி வைத்து, சட்டென்று குத்தினார். பூஜா வீறிட்டாள். என் சட்டையைப் பிடித்து முறுக்கினாள். கண்ணைத் துடைத்து, மிட்டாயை வாயில் திணித்தேன். பத்தர் இடது காதுக்கு நகர்ந்தார்.

அப்போது தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

"லாரி வந்துடுச்சி! பேரல எடுத்தா!" என்றார் மாமா.

வீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் உருட்டிக்கொண்டு வந்தார்கள். நீல நிறப் பேரல். பக்கத்தில் எங்கள் கம்பெனியின் முத்திரை. அன்றைக்கு எங்கள் லாரியை ஓட்டிய கோவிந்தசாமி அண்ணன் திரும்பும் வழியில் முதுநகர் மீன் சந்தையில் நிறுத்தியிருந்தார். ஒரு பேரல் நசுங்கிவிட்டது, வழியில் போட்டுவிட்டேன் என்று கம்பெனியில் சொன்னாராம். எவ்வளவு பெரிய வஞ்சிரத்துக்கு அது போனது என்பது இப்போதுதான் விளங்கியது. காலையிலிருந்து பின்பக்கம் வெயிலில் காய்ந்திருக்கிறது. மிச்சம் இருந்த எண்ணெயை அடுப்புக்கு வடித்திருக்கிறார்கள். துடைத்த பழைய லுங்கி வாய்த் துவாரத்திலேயே பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது.

மேல் தகட்டை வெட்டி எடுத்தால் தண்ணீர்த் தொட்டி. அதற்காக மாமா உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பேரல் முன்னால் குந்தினார். வாயில் பீடி. பற்ற வைத்த பீடி. அதன் நுனி சிவப்பாகத் தெரிந்தது.

பூஜாவின் தலை என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. அந்தத் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கையை ஆட்டினேன். காலைத் தட்டினேன். கண்ணை உருட்டினேன். அக்கா என்னைப் பார்த்து, "ஆடாம உக்காருடா, ஊசி மாறிப் போவும்" என்றாள். ராஜாமணி என்னைப் போலவே கண்ணை உருட்டிக் காட்டிச் சிரிப்பு மூட்டினான். பத்தர் இடது காதில் மைப்புள்ளி வைத்தார். மாமா உளியைத் தகட்டில் பொருத்தினார். சத்தியத்துக்குப் பயப்படுகிறவன்தான் நான். ஆனால் அந்தக் குழந்தைக்கு அப்பா வேண்டும்.

"யோவ் மாமா! பீடிய வெச்சிக்கினு அதுல கைய வெக்காத! வெடிச்சி செத்துப் போவ!"

ஒலிபெருக்கியைத் தாண்டிக் கேட்டது. பூஜா துள்ளினாள். ஊசி காதைக் கீறி, ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பந்தலே திரும்பி என்னைப் பார்த்தது. மாமா உளியைப் போட்டுவிட்டு எழுந்தார். முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது.

"மறுபடியுமா? எம்பொண்ணு காதுகுத்துல, எங்க வூட்டு வாசல்ல, செத்துப் போவேன்னு சொல்றியா?" என்று கத்தியபடி, வாயிலிருந்த பீடியைச் சுண்டி எறிந்தார். எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னை அடிக்க வந்தார். சமையல் அடுப்பைத் தாண்டினார், பந்தல் காலைத் தாண்டினார், என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால், பேரல் வாயில் தொங்கிய அந்தப் பழைய லுங்கி புகையாமலேயே குப்பென்று எரிய ஆரம்பித்தது.

அடுத்து வந்த சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, வயிற்றில் வாங்கினேன். பேரலின் மேல் தகடு பிய்ந்து பறந்து மணல் மேட்டில் போய்க் குத்தி நின்றது. பேரல் உருண்டு சுவரில் மோதியது. பந்தல் ஓலை ஒரு பக்கம் சரிந்தது. சபாபதி அண்டாவை விட்டுவிட்டு மணலில் குப்புறப் படுத்திருந்தார். பிரியாணி முழுக்க மணல். பூஜாவை நெஞ்சோடு சுருட்டிக்கொண்டு நான் கீழே கிடந்தேன், எங்கள் மேல் மாமா கிடந்தார். அவருடைய பின்மண்டை முடி கருகி நாறியது. வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஒலிபெருக்கி நின்றுவிட்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் கத்தியதற்குக் கடைசியில் ஒரு சாட்சி கிடைத்ததே! இனி ஒருவராவது, 'மணிவண்ணன் அப்பவே சொன்னான்' என்பார்கள் என்று காத்திருந்தேன்.

சொன்னார்கள். சமையல்காரர் சபாபதிதான் மணலைத் துப்பிக்கொண்டே முதலில் சொன்னார். "வாயத் தொறந்தான், வெடிச்சிது."

"கருநாக்கு" என்றாள் எதிர்வீட்டு ரத்தினம்மாள். "சிதம்பரத்துலயே கரிக்கட்டைன்னு வாய வெச்சான். இங்க வந்து முடிச்சிட்டான்."

"யோவ், பீடிய எறிஞ்சது அவரு!" என்றேன்.

"நீ கத்துனதாலதான எறிஞ்சாரு?" என்றான் ராஜாமணி. "நீ கம்முனு இருந்திருந்தா பீடி அவரு வாயிலயே இருந்திருக்கும். தகட்ட வெட்டிட்டு எழுந்திருப்பாரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். வெட்டிட்டு எழுந்திருப்பாராம்! உளியின் முதல் அடிக்கே அவர் தலை அந்தத் தகட்டோடு போய் மணல் மேட்டில் நின்றிருக்கும் என்று விளக்கலாம். என்னை அடிக்க எழுந்து வந்ததால்தான் அவர் பிழைத்தார் என்றும் விளக்கலாம். யாரிடம்? நடக்காததை எப்படி இழுத்து வந்து இவர்கள் முன்னால் நிறுத்துவது? மாமாவைப் பார்த்தேன். அவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவர் பின்மண்டையைத் தடவிக்கொண்டு, மணல் மேட்டில் குத்தி நின்ற தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தர் சிதறிக் கிடந்த சாமான்களைப் பொறுக்கினார். "இன்னொரு காது பாக்கி இருக்குதும்மா. ஒத்தக் காதோட வுடக் கூடாது" என்றார்.

"ராஜாமணி, நீ உக்காருடா" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"அது ஆவாதும்மா. ஒரு மடியில ஒரு காது குத்திட்டா, மறுகாதும் அதே மடியிலதான். மாத்த மாட்டாங்க."

கூட்டம் முணுமுணுத்தது. வெடித்த பிறகு மாமா இப்போதுதான் வாயைத் திறந்தார். "அவனே உக்காரட்டும்" என்றார். அவ்வளவுதான். அதில் நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

அக்காவுக்கு என் சத்தியத்தில் இனி நம்பிக்கை இல்லை. தட்டிலிருந்து வெற்றிலையைக் கத்தையாக எடுத்து, பாக்கு வைத்து மடித்து, என் வாயில் அடைத்தாள். கன்னம் இரண்டும் உப்பியது. பிறகு விரலைக் காட்டி மிரட்டினாள். அழுதுகொண்டேதான் மிரட்டினாள். நான் சரிந்த பந்தலுக்கு அடியில், வாய் கொள்ளாத வெற்றிலையோடு, மறுபடி பூஜாவை மடியில் வைத்து உட்கார்ந்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு தாய்மாமன் இந்தக் கரையில் உட்கார்ந்திருக்க மாட்டான்.

பத்தர் ஊசியைத் துடைத்தார். பூஜா காதைக் கையால் பொத்திக்கொண்டாள். யாருக்கும் காட்ட மாட்டேன் என்றாள். அக்கா கெஞ்சினாள், மிரட்டினாள், பலிக்கவில்லை. பிறகு பூஜாவே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோடு காதாகக் கேட்டாள்.

"மாமா, இன்னொரு வாட்டி வெடிக்குமா?"

சிதம்பரத்திலிருந்து இன்று வரை அத்தனை பேரில் என்னிடம் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பதில் சொல்ல வாயில் இடமில்லை. தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். அடுப்பை அவித்திருந்தார்கள். பேரலுக்குள் தண்ணீர் லாரிக்காரன் குழாயை விட்டிருந்தான். மாமா எங்கே என்று தேடினேன். பந்தலை விட்டு, பேரலை விட்டு, வெகு தூரத்தில் அலையோரம் ஈர மணலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று தலையாட்டினேன். பூஜா கையை எடுத்துவிட்டு, பத்தருக்குக் காதைக் காட்டினாள்.